சியி ஏ8 மினியா, இசட்ஆர்10-ஆ? சொந்தமாகக் கட்டிய ட்ரோனில் சூம் கேமராவைத் தரையிலிருந்து இயக்குவது

ட்ரோனுக்கு சூம் கேமரா வாங்குகிறவர்களில் பலர் பெட்டியின் மேல் இருக்கும் மடங்கு எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 6 மடங்கு, 10 மடங்கு, 30 மடங்கு என்று அந்த எண் ஏறிக்கொண்டே போகும். ஆனால் பறக்கும்போது உங்களைச் சோதிப்பது வேறொன்று. படத்தைப் பெரிதாக்கிய பிறகு கேமராவை மெல்லத் திருப்பி, பார்க்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, அங்கேயே வைத்திருக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கான வசதி இல்லாவிட்டால் 10 மடங்கு சூம் 2 மடங்குக்குக்கூடப் பயன்படாது.

ஷென்சென் நகரத்து சியி நிறுவனத்தின் ஏ8 மினி, இசட்ஆர்10 ஆகிய இரண்டு கிம்பல் கேமராக்களை, ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடும் பிக்ஸ்ஹாக் வகை ஆட்டோபைலட்டோடு (ட்ரோனைப் பறக்கவைக்கும் கட்டுப்பாட்டுப் பலகை) இணைத்து இயக்குவதைப் பற்றிய மதிப்புரை இது. இரண்டும் மூன்று அச்சு கிம்பல்கள், அதாவது கேமராவை ஆடாமல் பிடித்துத் திருப்பும் மோட்டார் தாங்கிகள். இரண்டுக்கும் ஒரே கட்டளை மொழி. ஒன்றுக்குச் செய்த அமைப்பு ஏறக்குறைய அப்படியே மற்றதற்கும் செல்லும். டிஜேஐ மேவிக் 2 சூம் போன்ற ஆயத்த ட்ரோன்களில் இந்தத் தொல்லையே இல்லை, விரலருகில் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால் போதும். ஆனால் 2018-இல் வந்த அந்த ட்ரோனின் லென்ஸ் தருவது 2 மடங்குதான். சொந்தமாக ட்ரோனின் சட்டத்தை (ஃபிரேம்) கட்டி, விருப்பப்பட்ட ரிசீவரையும் ஆட்டோபைலட்டையும் வைத்துப் பறக்கிறவர்களுக்கு சியி கேமராக்கள்தான் இன்று கைக்கெட்டும் நல்ல வழி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காட்சியை அழகாகச் சட்டகத்துக்குள் கொண்டுவரவும், லேசாகக் கிட்டே இழுத்துப் பார்க்கவும் ஏ8 மினி போதும். எடையும் விலையும் குறைவு, பழுதாகக்கூடிய பாகங்களும் குறைவு. தூரத்தில் இருக்கும் ஒன்றை உண்மையிலேயே பார்த்தாக வேண்டும் என்றால் இசட்ஆர்10 மட்டும்தான் கணக்கில் வரும். அதன் 30 மடங்கு ‘ஹைப்ரிட்’ சூமை மறந்துவிடுங்கள். லென்ஸ் தருவது 10 மடங்கு, அதற்கு மேல் உள்ளது அதே படத்தை ஊதிப் பெரிதாக்குவது.

லென்ஸ் தருவதும் மென்பொருள் தருவதும்

ஏ8 மினியில் இருப்பது 1/1.7 அங்குல சென்சார், நகராத லென்ஸ், கிடைமட்டத்தில் 81 பாகைப் பார்வை. 4கே அளவில் பதிவு செய்யும். அதன் 6 மடங்கு சூம் முழுக்க டிஜிட்டல். இசட்ஆர்10-இல் பதிவு 2560-க்கு 1440 பிக்சல்தான். ஆனால் உள்ளே கண்ணாடிகள் நகர்ந்து, 60 பாகை அளவிலான பார்வையை 6 பாகைக்குச் சற்று மேல் வரை சுருக்குகின்றன.

இதை 100 மீட்டர் தூரத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சூம் இல்லாதபோது ஏ8 மினி 171 மீட்டர் அகலத்தை 3840 பிக்சலில் பிடிக்கிறது, அதாவது ஒரு பிக்சலுக்கு 4.4 செ.மீ. இசட்ஆர்10 ஏறத்தாழ 115 மீட்டர் அகலத்தை 2560 பிக்சலில் பிடிக்கிறது, ஒரு பிக்சலுக்கு 4.5 செ.மீ. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுதான். சூமை முழுக்கத் தள்ளினால் இசட்ஆர்10-இல் ஒரு பிக்சல் 4.5 மி.மீ. ஆகிவிடும். ஏ8 மினியிலோ 6 மடங்கிலும் அதே 4.4 செ.மீ.தான், பிக்சல்கள் பெரிய கட்டங்களாகத் தெரியும், அவ்வளவே.

அதனால் ஏ8-இன் சூம் வீண் என்று ஆகிவிடாது. தரைக்கு வரும் நேரலை பெரும்பாலும் 1920 பிக்சல் அகலம்தான். சென்சாரின் 3840 பிக்சலில் பாதியை வெட்டி எடுத்தாலும் அந்த நேரலைக்குப் போதுமான விவரம் இருக்கும். ஆகவே திரையில் பார்க்கும்போது 2 மடங்கு வரை இழப்பில்லை. நேரலையை 1280 பிக்சலுக்குக் குறைத்து அனுப்பினால் 3 மடங்கு வரை. அதற்கு மேல் போகாதீர்கள்.

இசட்ஆர்10-க்கும் எல்லை உண்டு. செல்பேசிக் கோபுரத்தில் 2 செ.மீ. அகலமுள்ள போல்ட் தலை ஒன்று 100 மீட்டரிலிருந்து முழு சூமில் நாலைந்து பிக்சல்தான். போல்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாம், துரு பிடித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. 30 மீட்டருக்கு வந்தால் அதுவே 15 பிக்சல், அப்போது மேற்பரப்பு தெரியத் தொடங்கும். பறக்கும் தூரத்தை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எடை, மின்சாரம், கம்பிகள்

ஏ8 மினி 95 கிராம், 55-க்கு 55-க்கு 70 மி.மீ. 7 அங்குல விசிறி போட்ட சட்டத்திலோ சிறிய நுரைத்தகட்டு விமானத்திலோ மாட்டலாம். இசட்ஆர்10 381 கிராம். அதற்கு 10 அங்குலத்துக்குக் குறையாத விசிறிகளும், கேமரா தரையில் இடிக்காத அளவுக்கு உயரமான கால்களும் வேண்டும். முன்பக்கத்தில் தொங்கவிட்டால் எடைநடு முன்னால் போகும். பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்ய இடம் இருக்கிறதா என்று சட்டம் வாங்கும்போதே பாருங்கள்.

இரண்டுக்கும் 11 முதல் 25.2 வோல்ட் வரை கொடுக்கலாம். ஆட்டோபைலட்டின் 5 வோல்ட் தடத்திலிருந்து எடுத்தால் கிம்பல் உயிர்பெறாது. 25.2 என்பது முழுக்கச் சார்ஜ் ஏறிய 6எஸ் (ஆறு செல் தொடர்) பேட்டரியின் வோல்டேஜ். அதாவது எல்லைக்கும் பேட்டரிக்கும் நடுவே இடைவெளியே இல்லை. மோட்டார்கள் சட்டென்று வேகம் குறையும்போது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி திருப்பித் தள்ளும் வோல்டேஜ் அதைத் தாண்டிவிடும். ஆகவே 6எஸ் ட்ரோனில் நேரடியாக இணைக்காமல், நடுவில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் 12 வோல்ட் பெக் ஒன்றைப் போடுங்கள். ஏ8 மினி உச்சத்தில் 12 வாட் வரை இழுக்கும், எனவே 2 ஆம்பியர் பெக் தாராளம். 4எஸ் பேட்டரி என்றால் நேரடி இணைப்பில் சிக்கல் இல்லை.

கட்டளைக்கு மூன்று கம்பிகள் போதும்: கேமராவின் அனுப்பும் கம்பி ஆட்டோபைலட்டின் வாங்கும் முனைக்கு, வாங்கும் கம்பி அனுப்பும் முனைக்கு, பிறகு தரைக்கம்பி. காணொளி தனி ஈதர்நெட் கம்பியில் வரும். அதை சியியின் எச்எம்30 போன்ற ரேடியோ இணைப்புக் கருவிக்கோ, ட்ரோனில் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கோ கொடுக்கலாம். கிம்பல் சுழலும்போது கம்பி இழுபடக்கூடாது. ஆனால் தளர்வாக விட்டால் விசிறிக் காற்றில் அடித்துக்கொண்டு அந்த அதிர்வைக் கேமராவுக்கே கொண்டுபோகும். அதிர்வு தாங்கும் ரப்பர் உருண்டைகளுக்கு மேலே, சட்டத்தோடு கம்பியைக் கட்டி, அங்கிருந்து சின்ன வளைவு விட்டு இறக்குவதுதான் சரி.

ஆர்டுபைலட் அமைப்பு

கீழே வருவது கம்பிகளை ஆட்டோபைலட்டின் டெலிம்2 என்ற சீரியல் முனையில் இணைத்ததாக வைத்து. பெயர்கள் எல்லாம் தரைக் கணினியில் ஓடும் மிஷன் பிளானர் மென்பொருளில் தெரியும் அமைப்புகள். சீரியல்2_புரோட்டகால் 8, சீரியல்2_பாட் 115. எம்என்டி1_டைப் என்பதில் 8 கொடுத்து ஆட்டோபைலட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், மற்ற எம்என்டி1 அமைப்புகள் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு கேம்1_டைப் 4. கீழ்மேல் எல்லைக்கு எம்என்டி1_பிட்ச்_மின் -90, எம்என்டி1_பிட்ச்_மேக்ஸ் 25. பக்க எல்லைக்கு எம்என்டி1_யா_மின் -135, எம்என்டி1_யா_மேக்ஸ் 135. எம்என்டி1_டிஃபால்ட்_மோட் 3 என்றால் கிம்பல் தொடக்கத்திலிருந்தே டிரான்ஸ்மிட்டரின் சொல்படி நடக்கும். மறுபடி அணைத்துப் போட்டதும் மிஷன் பிளானரின் மெசேஜஸ் பகுதியில் கேமராவின் பெயரும் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) எண்ணும் வந்தால் பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள்.

வராவிட்டால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் மாறியிருக்கலாம், மிகப் பலருக்கு நேர்வது இதுதான். டெலிம் முனையின் ஃப்ளோ கன்ட்ரோல் குறுக்கே நிற்கலாம், பிஆர்டி_செர்2_ஆர்டிஎஸ்சிடிஎஸ் என்பதை 0 ஆக்கிப் பாருங்கள். மூன்றாவது காரணம் எளிதில் பிடிபடாது. எஃப்405 சிப் கொண்ட மலிவான ஆட்டோபைலட்டுகளில் நினைவகம் 1 எம்பிதான். அவற்றுக்கான சாதாரண ஃபர்ம்வேரில் சியி கிம்பலுக்கான நிரலே சேர்க்கப்படுவதில்லை. 8 என்று எழுதினால் எழுதப்படும், ஆனால் எதுவும் நடக்காது. ஆர்டுபைலட்டின் கஸ்டம் பில்டு சர்வரில் உங்கள் போர்டைத் தேர்ந்து, சியி கிம்பலைச் சேர்த்து, தேவையில்லாத வேறு வசதிகளை நீக்கி, புதிதாக ஒரு ஃபர்ம்வேர் எடுத்து ஏற்ற வேண்டும். எச்743 சிப் உள்ள போர்டில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது சேனல்கள். ஆர்சி6_ஆப்ஷன் 213 கீழ்மேல் அசைவு, ஆர்சி7_ஆப்ஷன் 214 பக்க அசைவு, ஆர்சி8_ஆப்ஷன் 167 சூம். படம் எடுக்க 9, காணொளிப் பதிவுக்கு 166, கையால் ஃபோகஸ் செய்ய 168, தானியங்கி ஃபோகஸுக்கு 169, கிம்பலின் திசையைப் பூட்ட 163. சேனல் எண்களை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

டிரான்ஸ்மிட்டரைத் தொடுவதற்கு முன் மேசையிலேயே சோதிக்க நல்ல வழி இருக்கிறது. மிஷன் பிளானரில் ஆக்ஸ் ஃபங்ஷன் பகுதியைத் திறந்து, கேமரா சூம் என்பதைத் தேர்ந்து, ‘ஹை’ அழுத்துங்கள். காட்சி பெரிதாகும். ‘மிட்’ அழுத்தினால் நிற்கும். ‘லோ’ அழுத்தினால் காட்சி மறுபடி சிறிதாகும். இது வேலை செய்து டிரான்ஸ்மிட்டரில் வேலை செய்யவில்லை என்றால், குறை சேனலில்தான். கேமராவையும் கம்பியையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

டிரான்ஸ்மிட்டரில் சூமுக்கு எந்த சுவிட்ச்?

சூம் சேனலுக்கு மூன்று நிலை வேண்டும்: சேனலின் மதிப்பு 1200-க்குக் கீழே போனால் வெளியே (படம் சிறிதாகும்), 1800-க்கு மேலே போனால் உள்ளே (பெரிதாகும்), நடுவில் நிற்பது. மூன்று நிலை சுவிட்சில் இதைப் போட்டால் இயங்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் நடுநிலைக்கு நீங்களே கொண்டுவர வேண்டும். கண் திரையில் இருக்கும்போது நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விடும், படம் திரும்ப வெளியே ஓடும். விட்டதும் தானே நடுவுக்கு வரும் பொத்தான்தான் சூமுக்கு ஏற்றது.

எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் டிரான்ஸ்மிட்டர்களில் அது ஏற்கெனவே இருக்கிறது: ஸ்டிக்கின் நடுநிலையைச் சிறிதளவு திருத்த உதவும் டிரிம் பொத்தான்கள். ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ்-இல் ஸ்டிக்குகளுக்கான நான்கைத் தவிர டி5, டி6 என்று இரண்டு கூடுதல் டிரிம்கள் உண்டு. ஃப்ளைட் மோட் பக்கத்தில் டி5-இன் டிரிம் வேலையை நிறுத்திவிடுங்கள். பிறகு மிக்ஸ் பக்கத்தில் 8-ஆம் சேனலுக்கு இரண்டு வரிகள்: மூலம் (சோர்ஸ்) மேக்ஸ், எடை (வெயிட்) 100, சுவிட்ச் டி5 மேல். மூலம் மேக்ஸ், எடை -100, சுவிட்ச் டி5 கீழ். அழுத்திக்கொண்டிருக்கும் வரை சூம் நகரும், விரலை எடுத்தால் நிற்கும்.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரேடியோ இணைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஹைப்ரிட் முறையில் முதல் 4 சேனல்களுக்கு மட்டுமே முழு நுணுக்கம் உண்டு. 5-ஆம் சேனல் இரண்டே நிலை. அதற்கடுத்த சேனல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில படிகளில்தான் நகரும். சூமுக்கு அது போதும், கிம்பலின் அசைவுக்குப் போதாது. ஸ்லைடரை மெல்ல நகர்த்தினாலும் கேமரா முதலில் சும்மா இருந்துவிட்டு, அடுத்த படி வந்ததும் சட்டென்று ஓடும். கிம்பல் பழுது என்று எண்ணிக் கழற்றிவிடுவார்கள். வைட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது 3-ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் 100 ஹெர்ட்ஸ் ஃபுல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பிந்தையதில் கிம்பல் சேனல்களுக்கும் முழு நுணுக்கம் கிடைக்கும். சூம் கேமரா வைத்துப் பறக்கிறவர்கள் பந்தயம் ஓட்டுவதில்லை, 100 ஹெர்ட்ஸ் தாராளம்.

வேகத்தைக் குறைப்பதுதான் முழு வித்தை

எம்என்டி1_ஆர்சி_ரேட் என்பது ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் கிம்பல் நொடிக்கு எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதைச் சொல்கிறது. பரவலாகப் பரிந்துரைக்கப்படும் மதிப்பு 90. சூம் இல்லாதபோது அது சரி. இசட்ஆர்10-ஐ 10 மடங்குக்கு இழுத்தால் பார்வை 6.6 பாகைதான். நொடிக்கு 90 பாகை என்றால் திரையில் உள்ள முழுக் காட்சியும் ஒரு நொடியின் பதினான்கில் ஒரு பங்கு நேரத்தில் கடந்து போய்விடும். கண் எதையும் பிடிக்காது.

காணொளித் தாமதத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கேமரா பார்ப்பதற்கும் திரையில் வருவதற்கும் நடுவே 0.3 நொடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 பாகை என்று நிதானமாகத் திருப்பினாலும், இலக்கைக் கண்டு விரலை எடுப்பதற்குள் கேமரா 3 பாகை கடந்திருக்கும். அது 6.6 பாகைச் சட்டகத்தில் கிட்டத்தட்ட பாதி. திரும்பி வரும்போது மறுபக்கம் அதே அளவு தாண்டும். முழு சூமில் நொடிக்கு 3 பாகைதான் கைக்கு அடங்கும்.

சரியான வழி, எம்என்டி1_ஆர்சி_ரேட்டை 30 ஆக்கிவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் ஒரு மூன்று நிலை சுவிட்சை வேகத்துக்கென்று ஒதுக்குவது. கிம்பலின் இரண்டு சேனல்களுக்கும் மிக்ஸ் பக்கத்தில் எடையை 100, 30, 10 என்று மூன்று வரிகளாக அந்தச் சுவிட்சோடு கட்டுங்கள். நொடிக்கு 30, 9, 3 பாகை என்று மூன்று வேகம் கிடைக்கும். அகலக் காட்சியில் முதல் நிலை, 3 அல்லது 4 மடங்கில் நடுநிலை, அதற்கு மேல் கடைசி நிலை. சியியின் கட்டளை மொழியில் வேகம் முழு எண்ணாகத்தான் போகும், நொடிக்கு 0.9 பாகை என்ற படிகளில். ஆகவே 3 பாகைக்குள் உங்களுக்குக் கிடைப்பது மூன்றே படிகள். ஸ்டிக்கை நுணுக்கி ஆட்டினால் படி மாறுவது திரையில் தெரியும். இது கேமராவின் இயல்பு, எந்த அமைப்பாலும் போகாது. மிகக் குறைந்த 0.9 பாகை வேகத்தில் முழு சூம் சட்டகத்தைக் கடக்க 7 நொடிக்கு மேல் ஆகும் என்பதால் நடைமுறையில் இது இடைஞ்சலாக இல்லை.

ஸ்டிக்கைத் தொடாமலே கேமரா மெல்ல ஒருபக்கம் நகர்ந்துகொண்டே போகிறதா? ஆர்சி6_டிரிம், ஆர்சி7_டிரிம் இரண்டும் அந்த ஸ்லைடர்களின் உண்மையான நடுநிலையில் இல்லை. நடுவில் வைத்து, திரையில் காட்டும் எண்ணை அப்படியே டிரிம்மில் எழுதுங்கள். ஆர்சி6_டிஇசட், ஆர்சி7_டிஇசட் இரண்டுக்கும் 30 கொடுத்தால் நடுவில் சிறு அசைவுக்கு மதிப்பில்லாமல் போகும். ஆனால் எடை 10 உள்ள நிலையில் ஸ்டிக்கின் மொத்த ஓட்டமே நடுவிலிருந்து 50 எண் அளவுதான். 30-ஐ அங்கே விழுங்கிவிட்டால் மிச்சம் கொஞ்சமே. அதனால் வேக சுவிட்ச் வைத்திருப்பவர்கள் டிரிம்மைக் கவனமாகச் சரிசெய்து, டிஇசட்-ஐ 10-க்குள் வைத்துக்கொள்வது நல்லது.

எம்என்டி1_ஆர்சி_ரேட்டை 0 ஆக்கினால் ஸ்டிக்கின் இடம் நேரடியாகக் கோணமாக மாறும். 270 பாகை வீச்சை ஒரு ஸ்லைடரின் ஓட்டத்துக்குள் அடைப்பது சூம் கேமராவுக்கு ஒத்துவராது. அந்த வழியில் போக வேண்டாம்.

தாமதம் எங்கே உருவாகிறது

பலர் ரேடியோ இணைப்பைக் குறை சொல்லும் இடத்தில் குற்றவாளி பெரும்பாலும் தரையில் உள்ள கணினி. கேமராவின் இயல்பான முகவரி 192.168.144.25. காணொளி ஆர்டிஎஸ்பி என்ற நேரலை நெறிமுறை வழியே 8554 என்ற போர்ட்டில், மெயின்.264 என்ற பெயரில் கிடைக்கும். கணினிக்கு அதே 192.168.144 வரிசையில் வேறொரு நிலையான முகவரி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கம்பி சரியாக இருந்தும் படம் வராது.

விஎல்சியில் திறந்தால் படம் வரும், ஆனால் அது தானாகவே ஒரு நொடியைச் சேமித்து வைத்துத்தான் காட்டும். ஜிஸ்ட்ரீமர் என்ற காணொளி மென்பொருளில் ஆர்டிஎஸ்பி மூலத்தின் இயல்பான தாமதம் 2000 மில்லிநொடி. அதை 0 ஆக்காமல் விட்டால் இரண்டு நொடி பழைய படத்தைப் பார்த்துக்கொண்டு கேமராவைத் திருப்புவீர்கள். மிஷன் பிளானர் போன்ற கியூகிரவுண்ட்கன்ட்ரோல் மென்பொருளில் லோ லேட்டன்சி என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள்.

சூம் கேமராவின் படத்தைப் பார்த்துக்கொண்டு ட்ரோனை ஓட்டக்கூடாது. 6 பாகைக்குள் உலகத்தைப் பார்க்கிறவருக்கு எதிரே வரும் மரம் தெரியாது. ஓட்டுவதற்குத் தனியாக ஓர் எஃப்பிவி கேமரா (முன்னால் உள்ளதை அகலமாகக் காட்டுவது), இல்லையென்றால் நேரடிக் கண்பார்வையோடு பக்கத்தில் ஒருவர். இது கட்டாயம்.

ஃபோகஸ், அதிர்வு

ஏ8 மினிக்கு ஃபோகஸ் நிலையானது, அதைப் பற்றிக் கவலையே இல்லை. இசட்ஆர்10-இல் ஒவ்வொரு சூமுக்குப் பிறகும் தானியங்கி ஃபோகஸ் ஓடும். நல்ல வெளிச்சத்தில், கோடுகளும் விளிம்புகளும் உள்ள காட்சியில் அது விரைவாகப் பிடித்துவிடுகிறது. வெறும் வானம், ஏரி நீர், பனிமூட்டம், வானத்தை வெட்டிச் செல்லும் மின்கம்பி ஆகியவற்றில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். மின்கம்பியைப் பார்க்கப் போனால் முதலில் அதே தூரத்தில் உள்ள கம்பத்தில் ஃபோகஸ் பிடிக்கவிட்டு, பிறகு சூமைத் தொடாமல் கம்பிக்குத் திருப்புங்கள். 168-ஐ இன்னொரு டிரிம் பொத்தானில் போட்டு வைத்தால் கையால் திருத்தலாம், ஆனால் தாமதத்தோடு அதைச் செய்யப் பொறுமை வேண்டும்.

அதிர்வுக்கும் ஒரு கணக்கு. கிம்பலின் துல்லியம் 0.01 பாகை என்று நிறுவனம் சொல்கிறது. இசட்ஆர்10 முழு சூமில் ஒரு பிக்சல் 0.0026 பாகை. அதாவது எல்லாம் சரியாக வேலை செய்தாலும் படம் நாலு பிக்சல் வரை ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் காரணம் ட்ரோனில் இருக்கிறது: சமநிலை இல்லாத விசிறி, இறுகிப்போன ரப்பர் உருண்டை, அல்லது அதிர்வு தாங்கும் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி. படம் கூழ்போல் நெளிந்தால் விசிறியைப் பாருங்கள். மொத்தப் படமும் மெதுவாக ஊசலாடினால் ரப்பர் உருண்டைகள் 381 கிராமுக்கு மென்மையாகிவிட்டன.

ஆட்டோபைலட் இல்லாமல் நேரடியாக

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் யுடிபி என்ற வலையமைப்பு நெறிமுறை வழியே, 37260 போர்ட்டில் கேமராவோடு நேரடியாகப் பேசலாம். கட்டளைச் சட்டகம் எளிமையானது: தொடக்கக் குறி 2 பைட், கட்டுப்பாடு 1, தரவின் நீளம் 2, வரிசை எண் 2, கட்டளை எண் 1, பிறகு தரவு, கடைசியில் பிழை கண்டறிய 2 பைட் சிஆர்சி. பல பைட் எண்களில் தாழ்ந்த பைட் முன்னால் வரும். 5-ஆம் கட்டளை சூம்: 1 உள்ளே, -1 வெளியே, 0 நிறுத்து. -1 என்பது 255 ஆகப் போகும். 4 தானியங்கி ஃபோகஸ், 6 கையால் ஃபோகஸ், 7 திருப்பும் வேகம், 8 நடுவுக்கு வருவது, 12 படமும் பதிவும். பதிவு தொடங்க மறுத்தால் முதலில் மெமரி கார்டைப் பாருங்கள். கார்டு இல்லாமலோ ஏறாமலோ இருந்தால் 11-ஆம் பதிலில் தோல்வி என்று கேமராவே சொல்லும்.

சூம் கட்டளை ஒருமுறை போனால் நிறுத்தச் சொல்லும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். யுடிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் திருப்பி அனுப்ப யாரும் இல்லை. தொலைந்தது அந்த 0 ஆக இருந்துவிட்டால் லென்ஸ் கடைசி வரை போய் முட்டித்தான் நிற்கும். நிறுத்தும் கட்டளையை மட்டும் 50 மில்லிநொடி இடைவெளியில் மூன்று முறை அனுப்புங்கள். இன்னொன்று, ஆட்டோபைலட் கம்பியும் இணைந்திருந்தால் அது திருப்பும் வேகத்தை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் யுடிபியில் அனுப்பும் 7-ஆம் கட்டளை அதோடு மோதி, கிம்பல் தடுமாறும். சூமுக்கு இந்த மோதல் இல்லை. ஆகவே திருப்புவதை ஆட்டோபைலட்டிடமும், சூமையும் ஃபோகஸையும் பையிடமும் பிரித்துக் கொடுப்பது நல்ல ஏற்பாடு.

இறக்கை விமானத்தில்

வட்டமடிக்கும் விமானத்தில் 163 என்ற பூட்டு இல்லாமல் சூமைத் தொட முடியாது. பூட்டாதபோது கேமரா விமானத்தின் மூக்கோடு சேர்ந்து திரும்பும், இலக்கு ஒரு கணம்கூட நிற்காது. பூட்டினால் திசை நிலைக்கும், நீங்கள் மெல்லத் திருத்திக்கொண்டே போகலாம்.

மிஷன் பிளானர் வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டு கேமராவை அங்கே பார்க்கச் சொல்லலாம். அகலக் காட்சியில் இது அருமையாக வேலை செய்கிறது. முழு சூமில் சட்டகத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 3.3 பாகைதான். திசைகாட்டி 5 பாகை தவறினால் இலக்கு படத்திலேயே இருக்காது. 100 மீட்டரில் ஜிபிஎஸ் 3 மீட்டர் தவறினால் அதுவே 1.7 பாகை. ஆகவே இடத்தைத் தொட்டு, 2 மடங்கில் இலக்கைக் கண்டு, கையால் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு சூம் செய்யுங்கள்.

நீண்ட திருப்பங்களில் படத்தின் அடிவானம் மெல்லச் சாயக்கூடும். திருப்பத்தின் விசையைக் கிம்பலின் முடுக்கமானி ஈர்ப்பு என்று எடுத்துக்கொள்வதே காரணம். புதிய ஆர்டுபைலட் பதிப்புகள் விமானத்தின் சாய்வைக் கிம்பலுக்கு அனுப்புகின்றன, அதனால் இது பெருமளவு குறையும். கேமரா, கிம்பல், சூம் என்று ஃபர்ம்வேர்கள் தனித்தனி. ஒன்றை மட்டும் புதுப்பித்து மற்றதைப் பழையதாக விடாதீர்கள்.

இந்தியாவில் வாங்குவோருக்கு

2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, உதிரி பாகங்களுக்கு இல்லை. கிம்பல் கேமராவைத் தனியாக வாங்கிச் சொந்தச் சட்டத்தில் மாட்டுவதற்கு அதுவே வழி. இசட்ஆர்10 மாட்டும்போது புறப்படும் மொத்த எடையைத் தராசில் வைத்துப் பாருங்கள். 2 கிலோவுக்குள் இருந்தால் மைக்ரோ வகை, வணிக நோக்கமில்லாமல் பறக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோவைத் தாண்டினால் தேவை. 650 மி.மீ. வகைச் சட்டத்தில் 6எஸ் பேட்டரியும் இந்தக் கேமராவும் சேர்ந்தால் அந்த எல்லையைக் கடப்பது மிக எளிது, ஏ8 மினிக்கு இன்னொரு சாதகம் இங்கே இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சைப் பகுதியில் முன் அனுமதியின்றிப் பறக்க 120 மீட்டர் உயரம் வரைதான். மேலிருந்து 45 பாகைச் சாய்வில் பார்த்தால் தரை 170 மீட்டர் தூரம், அங்கே இசட்ஆர்10 முழு சூமில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 7.7 மி.மீ. ட்ரோனின் நிலைத் தகவலைத் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி ரேடியோ வாங்கும்போது 915 மெகாஹெர்ட்ஸ் வேண்டாம், இங்கே உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைப்பது 865 முதல் 868 வரையிலான பட்டை. எச்எம்30 இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அதற்குத் தடையில்லை. ஆனால் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவரும் அதே 2.4-இல் இருந்தால் இரண்டின் ஆன்டெனாக்களையும் சட்டத்தின் எதிரெதிர் கைகளில் மாட்டுங்கள். அருகருகே வைத்தால் முதலில் குறைவது கட்டுப்பாட்டு இணைப்பின் தூரம்தான்.